கம்பெனி வண்டிகளும் போலி சலான்களும்: லைசென்ஸ், வரி மோசடிகளிலிருந்து தப்பிக்க முழுமையான வழிகாட்டி

மதுரையை அடுத்த கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில் வண்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். குட்டியானை, பிக்கப், ஐஷர் என 23 வண்டிகள், 27 ஓட்டுநர்கள். எங்களிடம் வந்த ஏமாற்று வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்றே வகைதான்: வராத அபராதத்துக்குச் சலான், செல்லாத லைசென்ஸ், கட்டாத வரிக்கு ரசீது.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஓட்டுநர்களைக் கூட்டிவைத்து, “தெரியாத லிங்க் எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு ஒரு வாரம் நிற்கும். எட்டாவது நாள் விருதுநகரில் லோடு இறக்கிக்கொண்டிருப்பவருக்குச் சரியான வண்டி எண்ணோடு ஒரு மெசேஜ் வரும். அது பொய் என்று அவர் எதை வைத்துச் சொல்வார்? ஆபீசுக்குப் போன் போட்டால் ஆபீசுக்கும் தெரியாது.

அதனால் முதலில் ஆபீஸ் காகிதங்கள், அடுத்து லைசென்ஸ், பிறகு பணம் போகும் வழி, அதற்கும் பிறகுதான் ஓட்டுநரின் போன். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு படியும் பாதியில் நிற்கும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு வண்டிக்கும் ஆர்.சி. (பதிவுச் சான்று) நகல், எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடைசியாக வரி கட்டிய ரசீது. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண், எஞ்சின் எண், பதிவு தேதி மூன்றையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படியில் இவை இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

ஒவ்வொரு ஓட்டுநருக்கும் லைசென்ஸ் எண், பிறந்த தேதி.

கம்பெனி பெயரில் ஒரு புது சிம். அதை ஸ்மார்ட்போனில் போடாதீர்கள். ஆயிரம் ரூபாய் பட்டன் போன் போதும். இந்த நம்பருக்கு ஓ.டி.பி. மட்டும்தான் வரப்போகிறது. பட்டன் போனில் எந்த ஆப்பையும் ஏற்ற முடியாது, ஆகவே திருட்டு ஆப் உள்ளே நுழையவும் வழியில்லை. எங்கள் போன் மேசை இழுப்பறையில் சார்ஜரோடு கிடக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கடைசியாக, ஆபீஸ் கணினியில் பரிவாகன் தளம் (வண்டிப் பதிவு, லைசென்ஸுக்கான அரசுத் தளம்), இ-சலான் தளம், விர்ச்சுவல் கோர்ட் தளம், உங்கள் ஃபாஸ்டாக் வங்கியின் தளம் நான்கையும் புக்மார்க் செய்து வையுங்கள். முதல் மூன்றும் ‘கவ் டாட் இன்’ என்றே முடியும். ஒவ்வொரு முறையும் கூகுளில் தேடிப் போனால் என்றாவது ஒரு நாள் மேலே நிற்கும் விளம்பரத்தை அழுத்துவீர்கள். பரிவாகன் என்ற சொல்லோடு ‘சர்வீஸ்’, ‘ஆன்லைன்’ என்று எதையாவது ஒட்டி டாட் காம், டாட் இன் என முடியும் தளங்கள் அசலைப் போலவே இருக்கும்.

2. ஆர்.சி.யில் இருக்கும் போன் நம்பர் யாருடையது?

பலரும் தாண்டிப் போகும் படி இது. எனக்குக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்.

வண்டியின் பதிவோடு ஒரு மொபைல் எண் சேர்ந்திருக்கும். உண்மையான சலான் தகவலும், அந்த வண்டிக்கான ஆன்லைன் சேவைகளின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் போகும். நான் பொறுப்பேற்றபோது எங்கள் 23 வண்டிகளில் 9க்குத்தான் கம்பெனி நம்பர் இருந்தது. மற்றவற்றில் ஷோரூம் பையனுடையது, ஏஜென்ட்டுடையது, வேலையை விட்டுப் போன சூப்பர்வைசருடையது என்று கலவையாகக் கிடந்தது. ஒரு வண்டிக்கு உண்மையாகவே மூன்று சலான்கள் விழுந்திருக்கின்றன, எங்களில் யாருக்கும் தெரியாது.

உண்மைத் தகவல் யாரோ ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால், ஓட்டுநருக்கு வாட்ஸ்அப்பில் வருகிற பொய்தான் ஒரே தகவலாக நிற்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

பரிவாகன் தளத்தில் மொபைல் எண்ணைப் புதுப்பித்து, இழுப்பறை போனின் எண்ணைப் போட வழி இருக்கிறது. வண்டி எண், சேசிஸ் எண், எஞ்சின் எண், பதிவு தேதி கேட்கும். எடுத்து வைத்திருக்கிறீர்கள், ஆகவே ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம். சிலவற்றில் ஆர்.சி. விவரமும் தளத்தில் இருப்பதும் ஓர் எழுத்து, ஓர் எண் வித்தியாசப்படும்; அப்படிப்பட்ட வண்டிக்கு மட்டும் பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போக வேண்டும். டிஎன் 58 என்றால் மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. வேறு மாவட்டத்தில் வாங்கிய பழைய வண்டி இருந்தால் அதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஓட்டுநர் லைசென்ஸோடு இருக்கும் எண் வேறு. அது ஓட்டுநரின் சொந்த எண்ணாகவே இருக்கட்டும். சிலர் எல்லாவற்றையும் கம்பெனி எண்ணுக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த ஆள் வேலையை விட்ட பிறகு தன் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் நம் வாசலில் வந்து நிற்பார்.

3. ஒரு வண்டிக்கு ஒரு பக்கம்

நோட்டோ எக்செல்லோ, எது வசதியோ அது. வண்டி எண், வரி எதுவரை கட்டியிருக்கிறது, எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று என்றைக்கு முடிகிறது. எந்த வண்டிக்குக் காலாண்டு வரி, எதற்கு ஆயுள்கால வரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதிகளை ரசீதைப் பார்த்து எழுதாதீர்கள். பரிவாகன் தளத்தின் வாகன் பகுதியில் வண்டி எண்ணைப் போட்டு, அது காட்டும் தேதியை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. எங்களுக்கு என்ன இருந்தது என்று ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

“இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வண்டி பிளாக்லிஸ்ட்” என்று ஒருவன் போன் பண்ணும்போது இந்தப் பக்கம்தான் காப்பாற்றும். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. ஐந்து வருட வண்டிக்கு, போன மார்ச்சில் எஃப்.சி. எடுத்த வண்டிக்கு, இந்த மார்ச்சில் எஃப்.சி. முடிந்துவிட்டது என்று ஒருவன் சொன்னால், பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அமைதியாகப் போனை வைத்துவிடலாம். தேதி தெரிந்தவனை அவசரப்படுத்த முடியாது.

4. லைசென்ஸைச் சரிபார்ப்பது

வேலைக்குச் சேர வருகிறவர் லைசென்ஸ் கார்டை நீட்டுவார். அதை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போடுவதோடு பல கம்பெனிகளில் வேலை முடிந்துவிடுகிறது. கார்டு என்பது பிளாஸ்டிக். அதில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

முதலில் கார்டையே படியுங்கள். லைசென்ஸ் எண்ணில் மாநில எழுத்து, அலுவலக எண், கொடுத்த வருடம், அதன் பிறகு ஏழு இலக்கம் இருக்கும். அந்த வருடம் முதல் லைசென்ஸ் எடுத்தது; வணிக வண்டி வகையைக் கொடுத்த தேதியைத் தனியாகப் பார்த்து, அதிலிருந்து பிறந்த தேதியைக் கழியுங்கள். வணிக வண்டி ஓட்டுவதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஹெவி என்றால் அதற்கு முன் குறைந்தது ஒரு வருடம் லைட் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை ஹெவி ஓட்ட வந்த தம்பியின் கார்டைக் கழித்துப் பார்த்தால், ஹெவி கொடுத்த அன்றைக்கு அவருக்கு வயது 19. “தம்பி, இது எங்க எடுத்தது?” என்று கேட்டேன். “ஒரு அண்ணன் வாங்கிக் கொடுத்தாருண்ணே, முப்பதாயிரம்” என்றார். ஆள் நல்ல ஓட்டுநர். பணத்தையும் இழந்து, வேலையும் கிடைக்காமல் போனது அவருக்குத்தான்.

அடுத்து பரிவாகன் தளத்தின் சாரதி பகுதியில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போடுங்கள். பெயர், கொடுத்த அலுவலகம், வண்டி வகை, செல்லுபடி ஆகும் தேதி வரும். இங்கேதான் புதியவர்கள் தவறாமல் தடுமாறுகிறார்கள். தேதி இரண்டு இருக்கும். ஒன்று சொந்த வண்டிக்கு, அதாவது நான்-டிரான்ஸ்போர்ட், இன்னொன்று டிரான்ஸ்போர்ட். முதல் தேதி 2038 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு “இன்னும் பல வருஷம் இருக்கு” என்று மூடிவிடுவார்கள். கீழே டிரான்ஸ்போர்ட் தேதி போன மாதமே முடிந்திருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு ஐந்து வருடம்தான். ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவருக்கு மூன்று.

தளத்தில் விவரமே வரவில்லை என்றால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய புத்தக லைசென்ஸ்கள் சில கணினிக்கு ஏறாமல் இருக்கும். கொடுத்த அலுவலகத்தில் ஓட்டுநரே நேரில் போய்க் கேட்டு ஏற்றிக்கொள்ளட்டும். அதுவரை அவரைச் சாவி இல்லாத வேலையில் வையுங்கள். மதுரையிலேயே பிறந்து மதுரையிலேயே ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் கொடுக்கப்பட்டிருந்தால், அங்கே எப்போது இருந்தார் என்று கேளுங்கள். உண்மையாகவே அங்கே வேலை பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

கிடைத்த விவரத்தைத் தேதி தெரிகிற மாதிரி அச்செடுத்து அவர் ஃபைலில் வையுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்பது சின்ன விஷயம். விபத்து நடந்தால்தான் பெரிய விஷயம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், லைசென்ஸ் போலி என்பதை மட்டும் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி விலக முடியாது, உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்றும் காட்ட வேண்டும் என்பது. காட்டிவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு. நீங்கள் கவனம் எடுத்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

ஓட்டுநர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019லேயே நீக்கப்பட்டுவிட்டது, “டி.சி. இல்லாமல் முடித்துத் தருகிறேன்” என்று புரோக்கர் தனியாக வாங்கும் காசு சும்மா போகிற காசு. அதேபோல, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை லைட் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. குட்டியானை ஓட்டுகிறவரிடம் “தனியா ஒண்ணு எடுக்கணும், எட்டாயிரம் ஆகும்” என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பலாம்.

5. பணம் ஒரே வழியில் போகட்டும்

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வண்டிகளுக்குக் காலாண்டு வரிப் பணத்தை ஒரு ஏஜென்ட்டிடம் ரொக்கமாகக் கொடுத்தோம். மறுநாளே மூன்று ரசீதுகளும் பி.டி.எஃப்.பாக வாட்ஸ்அப்பில் வந்தன. அரசு முத்திரை, வண்டி எண், தொகை எல்லாம் சரி. ஆறு மாதம் கழித்து ஒரு வண்டி எஃப்.சி.க்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசில், “வரி பாக்கி இருக்கே” என்றார்கள். ரசீதுகளை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் வங்கிப் பரிவர்த்தனை எண் ஒன்றே. ஒரு வண்டிக்கு மட்டும் கட்டிவிட்டு, அதே ரசீதில் வண்டி எண்ணை மாற்றி மற்ற இரண்டையும் தயாரித்திருக்கிறார். பாக்கியோடு அபராதமும் சேர்த்துக் கட்டினோம். ஏஜென்ட்டின் போன் இன்றைக்கும் ஸ்விட்ச் ஆஃப்தான்.

இந்தப் படியின் விதிகள் அன்றைக்குப் போட்டவை. வரி, சலான், கட்டணம் எதுவானாலும் கட்டுகிறவர் ஆபீசில் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது, அவர் முதலாளியின் மச்சானாகவே இருந்தாலும். கட்டுவது புக்மார்க் வழியாக, கம்பெனி கணக்கிலிருந்து. கட்டிய மறுநாள் சரிபார்க்கிறவர் வாகன் தளத்தில் ‘வரி எதுவரை’ என்ற தேதி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரசீதை நம்ப வேண்டாம். தேதி நகர்ந்ததா, அவ்வளவுதான் கேள்வி.

கட்டும் நாள் வாரத்தில் ஒன்று. எங்களுக்குப் புதன்கிழமை. அவசரம் என்று எது வந்தாலும் புதன் வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருந்ததால் எங்களுக்கு இதுவரை ஒரு உண்மையான வரியும் கெட்டுப்போகவில்லை. ஏனென்றால் மூன்றாம் படியில் தேதிகளை எழுதிவிட்டோம்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்க, வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போக அவர்கள் தேவைப்படுகிறார்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி கொடுங்கள். அரசுக்குப் போகும் பணத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அசல் ஆர்.சி.யையும் “இருக்கட்டும் சார், அடுத்த வாரம் தர்றேன்” என்று வாங்கிவைக்க விடாதீர்கள்.

6. ஓட்டுநரின் போன்

இப்போதுதான் ஓட்டுநர்களைக் கூட்ட வேண்டும். உங்களிடம் காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறது.

பொய்யான சலான் இப்படித்தான் வரும். வாட்ஸ்அப்பில் போக்குவரத்துத் துறை சின்னம் போட்ட முகப்புப் படம். உங்கள் வண்டி எண், “சிக்னல் மீறல்”, ஒரு சலான் எண், “ஆதாரம் பார்க்கக் கீழே உள்ள ஆப்பைத் திறக்கவும்”. கீழே ‘ஆர்.டி.ஓ. சலான்’ அல்லது ‘எம்-பரிவாகன்’ என்ற பெயரில் ஒரு ஃபைல், பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து. எங்கள் ஓட்டுநருக்கு வந்ததில் மீறல் நடந்த இடம் மதுரை, நேரம் காலை 8.40. ட்ரிப் ஷீட்டில் அந்த நேரத்துக்கு வண்டி விருதுநகரில் நிற்கிறது.

அந்த ஃபைலை ஏற்றினால் அது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி ஓ.டி.பி. எல்லாம் அங்கே போகும். ஓட்டுநர் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. “நான் ஓ.டி.பி. யாருக்கும் சொல்லலையேண்ணே” என்று அவர் அழுவது அதனால்தான், உண்மையாகவே சொல்லவில்லை. அந்தப் போனிலிருந்து அதே ஃபைல் மற்ற ஓட்டுநர்களுக்கும் போகும். அண்ணன் அனுப்பியிருக்கிறார் என்று அவர்கள் திறப்பார்கள். எங்கள் ட்ரிப் குரூப்பில் இரண்டாவதாக மாட்டியவர் அப்படித்தான் மாட்டினார்.

சொல்ல வேண்டியதை மூன்றாகச் சுருக்குங்கள், அதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது. அரசு சலான் வாட்ஸ்அப்பில் ஃபைலாக வராது. ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரில் மட்டும். சலான் என்று எது வந்தாலும் தொடாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் நம்பருக்கு அனுப்பு. கட்டுவது உன் வேலை இல்லை.

மூன்றாவதுதான் உயிர்நாடி. நிறைய ஓட்டுநர்கள் அவசரப்பட்டுத் திறப்பது பேராசையால் இல்லை, பயத்தால். ஆபீசுக்குத் தெரிந்தால் பேட்டாவில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். இருநூறு, ஐந்நூறு என்றால் தானே கட்டி மறைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். எந்த மீறலுக்கு ஓட்டுநர் பொறுப்பு, எதற்குக் கம்பெனி பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். அதிக லோடு, காலாவதியான காகிதம் எல்லாம் கம்பெனி தலையில். தானாக வந்து காட்டிய சலானுக்குப் பேட்டா பிடித்தம் இல்லை. இதைச் செய்த மாதத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட்கள் வர ஆரம்பித்தன.

பிறகு ஒவ்வொரு போனையும் வாங்கி, செட்டிங்கில் ‘தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி’ என்ற இடத்தில் வாட்ஸ்அப்பும் பிரவுசரும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். டீ ஆறும் நேரத்தில் இரண்டு போன் முடியும். டீசல் பணத்துக்காகக் கம்பெனியின் பெரிய கணக்கை ஓட்டுநர் போனில் யு.பி.ஐ.யாக இணைத்திருந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். அதற்கென்று சிறு தொகை வைக்கும் தனிக் கணக்கு போதும்.

குரூப்பில் ஆர்.சி. படம் போடுவதையும் நிறுத்துங்கள். இ-சலான் தளத்தில் வண்டி எண்ணை வைத்துத் தேடச் சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் தேவை. அந்தப் படம் கையில் கிடைத்தவனுக்கு உங்கள் உண்மையான பாக்கியே தெரியும். அதை வைத்துக்கொண்டு பேசினால் யாரும் நம்புவார்கள். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கரில் ஏற்றிக் கொடுங்கள். சோதனையில் அதுவே செல்லும்.

7. வந்த சலான் உண்மையா?

ஸ்கிரீன்ஷாட் வந்ததும் ஆபீசில் செய்ய வேண்டியது. முதலில் ட்ரிப் ஷீட்: அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது? அடுத்து புக்மார்க் வழியாக இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். மெசேஜில் உள்ள லிங்க்கை ‘சும்மா பார்ப்பதற்கு’க்கூட அழுத்த வேண்டாம். அங்கே இல்லை, இழுப்பறை போனுக்கும் எஸ்.எம்.எஸ். வரவில்லை என்றால் அன்றைக்குக் கட்ட எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு அடுத்த புதனன்று ஒருமுறை மறுபடியும் பாருங்கள். சில சலான்கள் ஏற்றப்படத் தாமதமாகும்.

தளத்தில் இருந்தால் பிரிவு, இடம், நேரம், படம் எல்லாவற்றையும் பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? எங்கள் பிக்கப் எண்ணுக்கு வந்த ஒரு சலானில், ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் பைக்கில் போகிறார். எண்ணைத் தப்பாகப் பதிந்திருக்கலாம், யாரோ நம் எண்ணை மாட்டி ஓட்டவும் செய்யலாம். இப்படிப்பட்டதைக் கட்டித் தொலைக்காதீர்கள். தளத்திலேயே புகார் கொடுக்கலாம். படத்தோடு காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். நாளை அந்தப் போலி எண் விபத்தில் மாட்டினால் இந்தப் புகார்தான் உதவும்.

நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலான் என்றால் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தேடுங்கள். “கோர்ட்டில் பேசிப் பாதியாகக் குறைத்துத் தருகிறேன்” என்று போனில் வருகிறவர் யாராக இருந்தாலும் விடுங்கள்.

எஸ்.எம்.எஸ்.ஸில் வந்தது என்றால் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அது அரசு இல்லை.

8. ரோட்டில் மறித்தால்

இது குறைவாகத்தான் நடக்கும், ஆனால் ராத்திரியில் தனியாக இருக்கும்போது நடக்கும். ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவை சில.

லைசென்ஸைக் காட்டச் சொல்லும் போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு எழுத்துப்பூர்வ ஒப்புகை தர வேண்டும். மரியாதையாகவே கேட்கலாம்: “சார், ஆபீஸ்ல கேப்பாங்க, ரசீது கொடுங்க சார்.” குரலை உயர்த்த வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டுக் கொடுத்தால் போதும்.

வணிகவரிப் பறக்கும் படை என்று சொல்லி நிறுத்தினால் பில்லையும் இ-வே பில்லையும் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் ஆவணம்) காட்டட்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கும் இ-வே பில் வேண்டும். இது கையில் இருந்தால் பயப்பட எதுவும் இல்லை. வண்டியைப் பிடித்து வைப்பதென்றால் அதிகாரி அதற்கான படிவத்தில் உத்தரவு கொடுப்பார், ஜி.எஸ்.டி.யில் எம்.ஓ.வி. 06 என்பது அது. தொகை கட்டுவது ஆன்லைனில். காகிதம் எதுவும் தராமல் “இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிட்டுப் போ” என்றால் ஒரு ரூபாயும் அனுப்பக்கூடாது. இந்த வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம்.

9. ஃபாஸ்டாக்

“கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, கப்பலூர் டோலில் வண்டி நிற்கும்” என்று வரும் அழைப்புகளுக்கு ஒரே பதில்: கே.ஒய்.சி.யை டேக் கொடுத்த வங்கியில் ஆபீஸ்தான் செய்யும். நெடுஞ்சாலை உதவி எண் 1033.

2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். சரக்கு வண்டிக்கும் டாக்ஸிக்கும் அது கிடையாது. “லாரிக்கும் போட்டுத் தர்றேன்” என்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

10. பணம் போய்விட்டால்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதன் வரிசை முக்கியம். அழுவதும் திட்டுவதும் பிறகு.

அந்தப் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள். ஆப்பை அழிக்க வேண்டாம், ஃபார்மட் பண்ணவும் வேண்டாம், அதுதான் சாட்சி. பலர் பதற்றத்தில் முதலில் அழித்துவிடத்தான் செய்கிறார்கள்.

வேறு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எந்த வங்கி, எவ்வளவு, எந்த நேரம், பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் நிறுத்துவதற்குத்தான் இந்த அவசரம். அதே நேரத்தில் இன்னொருவர் வங்கியை அழைத்துக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லட்டும். 2017 ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு வங்கிக்குத் தெரிவிக்கும் வரைதான் அவர் தலையில். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் எண்ணும் நேரமும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதிந்து, அச்செடுத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். மதுரை மாநகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கிறது. ஓட்டுநரின் முகவரி எதில் வரும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ட்ரிப் குரூப்பில், “இவர் நம்பரிலிருந்து வரும் ஃபைலைத் திறக்காதீர்கள்” என்று உடனே போடுங்கள். பிறகு அந்த சிம்மில் *#21# அழுத்தி அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ##002# அழுத்தினால் நீங்கும். காவல் நிலையம் பார்த்த பிறகுதான் போனை முழுவதுமாக அழிப்பது.

11. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில்

சாவி, டீசல் கார்டு, யூனிஃபார்ம் வாங்குவோம். அதோடு ட்ரிப் குரூப்பிலிருந்து நீக்குங்கள். அவர் போனில் கம்பெனி கணக்கு எதுவும் இல்லை என்று பாருங்கள். டிஜிலாக்கரில் கம்பெனி ஆர்.சி. இருந்தால் அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

போகிறவர் ஆபீஸ்காரர் என்றால் இன்னும் ஒன்று. இழுப்பறையைத் திறந்து பட்டன் போன் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் ஒருமுறை சார்ஜர் மட்டும்தான் இருந்தது. போனைத் திரும்ப வாங்கி வர மேலூர் வரை போனோம்.